யூஎஸ்ஆர் அடைவின் கதை: மென்பொருளை எங்கே நிறுவுவது?

லினக்ஸ் பயிலத் தொடங்குவோர் முதல் வாரத்திலேயே எதிர்கொள்ளும் சொற்பிறப்பு விளக்கம் ஒன்று உண்டு. ‘யூஎஸ்ஆர்’ என்னும் அடைவின் பெயர், ‘யூனிக்ஸ் சிஸ்டம் ரிசோர்சஸ்’ என்னும் தொடரின் முதலெழுத்துகளால் ஆனது என்பதே அது. மொழியியலில் இதனை நாட்டார் சொற்பிறப்பு என்போம். ஒரு சொல்லின் பழம்பொருள் மறைந்துவிட்ட பின், இன்றைய பயன்பாட்டோடு ஒத்துப்போகும் பொருளொன்றைப் பேசுவோர் அதன்மேல் ஏற்றிவிடுகின்றனர். சித்தூர் என்பதைச் ‘சிற்றூர்’ என விளக்கினால் அதற்கு ஒலி மாற்றத்தின் துணையுண்டு. யூஎஸ்ஆருக்குச் சொல்லப்படும் விளக்கத்துக்கு அத்தகைய துணை ஏதுமில்லை. அது ‘யூசர்’, அதாவது பயனர் என்பதன் சுருக்கம்; அவ்வளவே. யூனிக்ஸை ஆக்கியோர் எழுத்துச் சிக்கனத்தில் பேர்போனவர்கள். ‘கிரியேட்’ என்னும் ஆங்கிலச் சொல்லை அமைப்பு அழைப்பொன்றுக்குப் பெயராக இட்டபோது அதன் இறுதி எழுத்தைக்கூட விட்டுவிட்டனர்.

ஆனால் பயனர் பெயரைத் தாங்கிய அவ்வடைவில் இன்று பயனர் எவரும் இல்லை. அவர்கள் ‘ஹோம்’ அடைவில் வாழ்கின்றனர். யூஎஸ்ஆரில் இருப்பவை நிரல்களும் நூலகங்களும் எழுத்துருக்களும் மொழிபெயர்ப்புக் கோப்புகளும்தாம். இந்தக் குடிபெயர்வு எப்படி நடந்தது என்பதை அறிந்தால், ‘இந்த மென்பொருளை எங்கே நிறுவுவது?’ என்று ஆய்வு மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

1969இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலுள்ள பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் யூனிக்ஸின் முதல் வடிவத்தை எழுதினார். டென்னிஸ் ரிச்சி உள்ளிட்டோர் உடனிருந்தனர். சில ஆண்டுகளில் அது பி.டி.பி. 11 வகைக் கணினிக்கு மாறியது. 1974 ஜூலையில் ரிச்சியும் தாம்சனும் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் தங்கள் கணினியின் உடைமைகளை வரிசைப்படுத்தியுள்ளனர். 10 லட்சம் பைட் கொள்ளும் நிலையான வட்டு ஒன்று. கழற்றி மாற்றக்கூடிய, ஒவ்வொன்றும் 25 லட்சம் பைட் கொள்ளும் வட்டுகளுக்கான இயக்கிகள் 4. 4 கோடி பைட் கொள்ளும் பெரிய வட்டு ஒன்று. இன்று கைப்பேசியில் எடுக்கும் நிழற்படம் ஒன்று அந்த 25 லட்சம் பைட் வட்டில் அடங்காமல் போகலாம்.

அக்காலத்தில் இயங்குதளத்தின் அடிப்படைக் கட்டளைகள் வேர் அடைவின் கீழ் ‘பின்’ என்னும் அடைவில் இருந்தன. (‘பைனரி’ என்பதன் சுருக்கம், தமிழில் எழுதினால் ‘பிறகு’ எனப் பொருள்பட்டு வாசகரைத் திகைக்க வைக்கும் சொல்.) பயனர்களின் கோப்புகள் இன்னொரு வட்டில் இருந்தன, அவ்வட்டு யூஎஸ்ஆர் என்னும் இடத்தில் ஏற்றப்பட்டது. தாம்சனின் அடைவு ‘/யூஎஸ்ஆர்/கென்’. இதுவரை எல்லாம் பெயருக்கேற்பவே இருந்தது.

பிறகு முதல் வட்டு நிரம்பியது. 2010 டிசம்பரில் ராப் லேண்ட்லி என்னும் நிரலாளர் எழுதிய மடல் ஒன்றின் வழியே இக்கதை பரவலாக அறியப்பட்டது. இயங்குதளம் வளர்ந்து ஒரு வட்டில் அடங்காதபோது, மிகுதியான கட்டளைகளைப் பயனர்களின் வட்டிலேயே வைத்தனர். அங்கும் ஒரு ‘பின்’ அடைவு தோன்றியது: ‘/யூஎஸ்ஆர்/பின்’. இன்னொரு வட்டு கிடைத்தபோது பயனர்கள் அதற்குக் குடிபெயர்ந்தனர். வந்தேறிய கட்டளைகள் யூஎஸ்ஆரிலேயே நிலைத்தன. எந்தக் கட்டளை எந்த வட்டில் இருக்க வேண்டும் என்பதற்கு ஒரே ஒரு உண்மையான கட்டாயம் இருந்தது. கணினி தொடங்கும்போது இரண்டாம் வட்டை ஏற்றுவதற்கான ‘மவுண்ட்’ கட்டளை முதல் வட்டில் இருந்தே ஆக வேண்டும். பெட்டியின் சாவியை அதே பெட்டிக்குள் வைத்துப் பூட்ட முடியாதல்லவா?

வட்டுகள் பெருகின, விலை குறைந்தது, இடநெருக்கடி மறைந்தது. பிரிவினை மட்டும் மறையவில்லை. 1979இல் வந்த ஏழாம் பதிப்பில் அடைவுகளின் அமைப்பை விளக்குவதற்கென்றே ஒரு கையேட்டுப் பக்கம் சேர்க்கப்பட்டது. எழுதி வைக்கப்பட்டதும் அது விதியாயிற்று. ‘வேர் அடைவில் இருப்பவை கணினி தொடங்கத் தேவையானவை, யூஎஸ்ஆரில் இருப்பவை மற்றவை’ என்னும் தத்துவம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

நம் பகுதி வாசகர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. 1911 ஏப்ரல் 1 அன்று வட ஆர்க்காடு, கடப்பை, நெல்லூர் மாவட்டங்களிலிருந்து சில பகுதிகளைப் பிரித்துச் சேர்த்துச் சித்தூர் மாவட்டத்தை உருவாக்கியது சென்னை மாகாண அரசு. அது நிர்வாக வசதிக்காக வரைந்த கோடு. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அந்தக் கோடு மொழி எல்லையாக வாசிக்கப்பட்டது. அதன்மேல் எழுந்த வழக்கு, பட்டஸ்கர் பரிந்துரையின் வழியே திருத்தணி சென்னை மாநிலத்தோடு 1960 ஏப்ரல் 1 அன்று இணையும் வரை ஓயவில்லை. 2022இல் திருப்பதி தனி மாவட்டமானது. மீண்டும் நிர்வாக வசதி. கோடு போட்டவருக்கு இருந்த காரணமும், கோட்டுக்கு இரு பக்கமும் வாழ்பவர் அதற்குக் கொள்ளும் பொருளும் ஒன்றாக இருப்பது அரிது.

ஆயினும் தற்செயலாய்ப் பிறந்த பிரிவுகள் அனைத்தும் வீண் என்று கொள்ளலாகாது. யூஎஸ்ஆருக்குள் பின்னர் உருவான ‘லோக்கல்’ என்னும் கிளைதான், என் கருத்தில், இவ்வரலாற்றின் மிகப் பயனுள்ள கண்டுபிடிப்பு. பெல் ஆய்வகத்திலிருந்தோ பெர்க்கிலியிலிருந்தோ காந்த நாடாவில் இயங்குதளத்தைப் பெற்ற ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தானே சில நிரல்களை எழுதிச் சேர்த்தது. அடுத்த பதிப்பு வந்து யூஎஸ்ஆரை மேலெழுதும்போது அவை அழிந்துபோகும். ஆகவே ‘இவ்விடத்தில் ஆக்கியவை’ தனியே வைக்கப்பட்டன. ‘லோக்கல்’ என்னும் அச்சொல்லுக்கு ‘உள்ளூர்’ என்பதைக் காட்டிலும் சிறந்த தமிழ் இல்லை. மூலநிரலைப் பெற்றுத் தொகுத்து நிறுவும் குனூ மென்பொருள்கள், வேறிடம் குறிப்பிடாவிட்டால், இன்றும் ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்’ என்பதையே நாடிச் செல்கின்றன.

1980களின் இறுதியில் இரு பிரிவுகள் சேர்ந்தன. வட்டே இல்லாத பணிநிலையங்களை வலையமைப்பின் வழி இயக்கிய சன் நிறுவனம், பல கணினிகள் பகிர்ந்துகொள்ளத் தக்கவற்றை ‘ஷேர்’ என்னும் கிளையில் வைத்தது. எந்த வகைச் செயலியிலும் மாறாமல் பயன்படும் எழுத்துரு, அகராதி, மொழிபெயர்ப்பு ஆகியவை அங்கே சேர்ந்தன. அதே காலத்தில் ஏ.டி.&டி.யின் சிஸ்டம் வி நான்காம் வெளியீடு ‘ஆப்ட்’ என்னும் அடைவைக் கொண்டுவந்தது. வணிக நிறுவனங்கள் விற்கும் மென்பொருள்கள் தத்தம் கோப்புகளை எல்லாவிடத்தும் இறைக்காமல் ஒரே கூரையின்கீழ் வைத்துக்கொள்ள அது பயன்பட்டது. இன்றும் கூகுள் குரோம் உலாவியை லினக்ஸில் நிறுவினால் அது ‘/ஆப்ட்/கூகுள்/குரோம்’ என்னும் இடத்தில் குடியேறுவதைக் காணலாம்.

லினக்ஸ் 1991இல் தோன்றி, ஸ்லாக்வேரும் டெபியனும் 1993இல் வந்தபோது, ஒவ்வொரு வழங்கலும் தன் விருப்பப்படி அடைவுகளை அமைத்தது. ஒன்றில் இயங்கிய நிரல் மற்றொன்றில் தன் கோப்பைக் காணாது நின்றது. 1993 ஆகஸ்டில் தொடங்கிய உரையாடலின் பயனாக 1994 பிப்ரவரி 14 அன்று கோப்பு முறைமைக்கான முதல் பொதுத்தரம் வெளியாயிற்று. டேனியல் குவின்லன் அதனை ஒருங்கிணைத்தார். 1997இல் அது லினக்ஸுக்கு அப்பாலும் பொருந்தும் வண்ணம் ‘கோப்பு முறைமைப் படிநிலைத் தரம்’ எனப் பெயர் மாறியது. மூன்றாம் பதிப்பு 2015 ஜூனில் வந்தது. அத்தரம் கோப்புகளை இரு கேள்விகளால் பகுக்கிறது: பல கணினிகள் பகிரலாமா, கூடாதா, தானே மாறுமா, நிர்வாகி கைவைத்தால்தான் மாறுமா. இலக்கணம் வகுப்போரின் மனப்பாங்கு இதில் தெரிகிறது. வழக்கு முதலில் தோன்றியது, விதி பின்னர் எழுதப்பட்டது. எழுதியவர் வழக்கிலிருந்த குழப்பத்தில் ஓர் ஒழுங்கைக் கண்டெடுத்தார்.

இத்தரத்தின்மேல் டெபியன் தன் கொள்கையை எழுப்பியது. அதிகாரபூர்வப் பொதிகள் ‘/யூஎஸ்ஆர்’ முழுதையும் ஆளலாம். ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்’ அடைவில் வெற்று அடைவுகளை அமைப்பதற்கு அப்பால் எந்தக் கோப்பையும் வைக்கலாகாது. அது அந்தக் கணினியின் நிர்வாகிக்கு உரியது. இவ்வாறு பார்த்தால், எங்கே நிறுவுவது என்பது யார் பொறுப்பேற்பது என்பதே. களஞ்சியத்திலிருந்து ‘ஆப்ட்-கெட்’ கட்டளையால் பெற்ற பொதிக்கு வழங்கல் பொறுப்பு; அதன் ஒவ்வொரு கோப்பும் பதிவேட்டில் உண்டு, நீக்கச் சொன்னால் நீக்கும், பாதுகாப்புத் திருத்தம் வந்தால் மாற்றும். ‘லோக்கல்’ அடைவில் தொகுத்து வைத்ததற்கு நிர்வாகியே பொறுப்பு; பதிவேடு எதுவும் இல்லை, ஓராண்டு கழித்து எந்தக் கோப்பு எதனுடையது என்று கேட்டால் விடை சொல்ல ஆளிராது. (அதற்கென்றே ‘குனூ ஸ்டோ’ என்னும் சிறு கருவி உண்டு. ஒவ்வொரு மென்பொருளையும் தனி அடைவில் வைத்து, பொது அடைவுகளில் இணைப்பு மட்டும் இடும். அதிகம் பேர் அறியாதது, அறிந்துகொள்ளத் தக்கது.) தன் ஹோம் அடைவில் வைத்ததற்குப் பயனரே பொறுப்பு.

மொழி ஆய்வில் இது எங்கே உறுத்தும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. உருபனியல் பகுப்பாய்வுக்குப் பலரும் பயன்படுத்தும் அபெர்டியம் கருவித்தொகுதி ஸ்பெயினின் அலிகாந்தே பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அதன் பொதிகள் டெபியன் களஞ்சியத்திலும் உண்டு. புதிய வசதிக்காக மூலநிரலிலிருந்து தொகுப்போரும் உண்டு. ஒரே கணினியில் இரண்டையும் செய்தால் என்னாகும்? கட்டளைகளைத் தேடும் வரிசையில் ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்’ முன்னதாகவும் ‘/யூஎஸ்ஆர்/பின்’ அடுத்ததாகவும் அமைந்திருப்பதே டெபியனின் இயல்பு. உள்ளூர்ப் பதிப்பே இயங்கும். பிறகு களஞ்சியப் பொதி எத்தனை முறை புதுப்பிக்கப்பட்டாலும் ஆய்வாளரின் முடிவுகள் மாறா. அவர் புதிய பதிப்பைப் பயன்படுத்துவதாகவே நம்பிக்கொண்டிருப்பார். மறுதலையாக, வேறொரு கணினியில் அதே தரவை இட்டால் பகுப்புகளின் எண்ணிக்கை வேறாக வரும். ஆய்வேட்டின் அட்டவணையில் உள்ள எண்கள் எந்த அடைவிலிருந்த நிரலின் எண்கள் என்பது அப்போது வெறும் தொழில்நுட்பக் கேள்வியாக இராது. ‘விச்’ என்னும் சிறு கட்டளை ஒரு நொடியில் அதைச் சொல்லிவிடும், கேட்போர்தாம் குறைவு.

இனி நிர்வாகி உரிமை இல்லாதவரின் நிலைக்கு வருவோம். பல்கலைக்கழக ஆய்வகக் கணினியில் மாணவருக்குச் ‘சூடோ’ அதிகாரம் இருப்பது அரிது. தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வடவெல்லையாகச் சொல்லும் வேங்கடத்தின் அடிவாரத்தில், தெலுங்கு பெரும்பான்மையாக வழங்கும் நகரில், தமிழில் தட்டச்சு செய்ய வேண்டியவர் சிலரே. அச்சிலரிலும் திருமலைக் கல்வெட்டுகளைப் படிப்போர் இன்னும் சிலர். தேவஸ்தானம் 1930களில் தொகுதிகளாக வெளியிட்ட அக்கல்வெட்டுகளில் மிகப் பெரும்பான்மை தமிழில் அமைந்தவை. வடசொற்கள் கிரந்த எழுத்தில் இடையிடையே வரும். கிரந்தம் ஒருங்குறியில் சேர்ந்ததே 2014இல், ஏழாம் பதிப்பில்தான். அதற்கு முன் அமைத்த கணினியில் அவ்வெழுத்துகள் வெற்றுப் பெட்டிகளாகத் தோன்றும். ஒரு மாணவர் வேண்டும் கிரந்த எழுத்துருவுக்காக ஆய்வகம் முழுதையும் புதுப்பிக்குமாறு நிர்வாகியிடம் கேட்பது எளிதன்று.

அவ்விடத்தில் உதவுவது ஹோம் அடைவுக்குள் ஒளிந்திருக்கும் ‘.லோக்கல்’ என்னும் அடைவு. பெயரில் முற்றுப்புள்ளி முன்வந்தால் சாதாரணப் பட்டியலில் அது தோன்றாது. ‘/யூஎஸ்ஆர்/ஷேர்’ அடைவுக்கு இணையாகப் பயனருக்கென ‘.லோக்கல்/ஷேர்’ உண்டு. அதனுள் ‘ஃபான்ட்ஸ்’ என்னும் அடைவை உருவாக்கி நோட்டோ கிரந்த எழுத்துருவை இட்டால் போதும். எவர் அனுமதியும் வேண்டா. தமிழ்99 போன்ற விசைப்பலகை வரையறைகளைத் தாங்கும் எம்17என் தொகுதியும் இவ்வாறே. பொது வரையறைகள் ‘/யூஎஸ்ஆர்/ஷேர்/எம்17என்’ அடைவில் இருக்கும். ஒருவர் தனக்கென மாற்றி எழுதியதைத் தன் ஹோமில் ‘.எம்17என்.டி’ அடைவில் வைத்துக்கொள்ளலாம். கல்வெட்டுப் பதிப்புக்கு வேண்டிய குறிகளை ஒரு விசையில் பெற இது போதும்.

ஆனால் எல்லை உண்டு. எழுத்துருவை ஹோமில் வைக்கலாம். எழுத்துகளைக் கோக்கும் பொறி வைத்த இடத்தில்தான் இருக்கும். ‘கெ’ என்பதில் ககரத்துக்குப் பின் சேமிக்கப்படும் கொம்பைத் திரையில் முன்னே கொண்டுவருவது எழுத்துருவின் வேலை மட்டுமன்று. ஹார்ஃப்பஸ் போன்ற நூலகத்தின் வேலை. அது வழக்கமாக ‘/யூஎஸ்ஆர்’ அடைவின் நூலகப் பகுதியில் வாழ்கிறது. கிரந்தம் உள்ளிட்ட பல எழுத்துமுறைகளைப் பொதுவிதிகளால் கோக்கும் பொறி ஹார்ஃப்பஸில் 2015இல்தான் சேர்ந்தது. அதற்கு முந்தைய பதிப்பு உள்ள கணினியில் எழுத்துரு இருந்தும் கொம்பு தவறான பக்கம் நிற்கும். அப்போது நிர்வாகியிடம்தான் போக வேண்டும். ‘கிரந்தம் தெரியவில்லை’ என்று சொல்வதைவிட, எந்த நூலகத்தின் எந்தப் பதிப்பு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் காரியம் விரைவில் நடக்கும்.

‘/யூஎஸ்ஆர்/ஷேர்/லொகேல்’ அடைவையும் ஒருமுறை திறந்து பார்க்குமாறு மொழி மாணவர்களைக் கேட்டுக்கொள்வேன். மென்பொருள்களின் மொழிபெயர்ப்புகள் அங்கே இரண்டெழுத்து மொழிக் குறியீட்டின்படி அடுக்கப்பட்டிருக்கும். தமிழுக்கு ‘டிஏ’, தெலுங்குக்கு ‘டிஈ’. அகரவரிசையில் அருகருகே நிற்கும் அண்டை வீடுகள். 2000களின் தொடக்கத்திலிருந்து கே.டி.ஈ., க்னோம் திரைகளைத் தமிழாக்கிய தன்னார்வலர்களின் உழைப்பு அங்கேதான் தங்கியிருக்கிறது. மாநிலம் எது என்று அந்த அடைவு கேட்பதில்லை. ஆனால் நாடு எது என்று அடுத்த அடைவொன்று கேட்கும்: தேதி, எண், அகரவரிசை ஆகியவற்றை வரையறுக்கும் ஜி-லிப்சி நூலகத்தில் தமிழுக்கு இந்தியா, இலங்கை என இரு வரையறைகள் உண்டு. தமிழ் ஆட்சிமொழியாக விளங்கும் சிங்கப்பூருக்கு அதில் தமிழ் வரையறை இல்லை.

அடைவுகளின் கதை இன்னும் நின்றுவிடவில்லை. கணினி தொடங்கும் வேளையின் பணிகளை நினைவகத்தில் தற்காலிகமாக ஏற்றப்படும் ஒரு சிறு கோப்பு முறைமை ஏற்றுக்கொண்ட பின், இரண்டு ‘பின்’ அடைவுகள் வேண்டியதில்லை என்னும் கருத்து வலுத்தது. 2012இல் ஃபெடோரா 17 பழைய ‘/பின்’ அடைவை ‘/யூஎஸ்ஆர்/பின்’ நோக்கிய இணைப்பாக மாற்றியது. டெபியன் நீண்ட வழக்காடலுக்குப் பின் 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பில் இதனைக் கட்டாயமாக்கியது. வட்டு நிரம்பியதால் பிரிந்தவை ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்துச் சேர்ந்தன. ஒரு வேடிக்கை: சேர்ந்த இடம் தாய்வீடு அன்று, தற்காலிகமாகக் குடியேறிய வீடு.

அதே 12ஆம் பதிப்புதான் நம் துறையினர் பலரை வேறொரு வகையில் திடுக்கிட வைத்தது. ஓப்பன்-தமிழ், இண்டிக் என்எல்பி போன்ற பைத்தான் நூலகங்களைப் ‘பிப்’ கட்டளையால் நேரே நிறுவிப் பழகியோர், ‘இச்சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது’ என்னும் பொருள்பட்ட பிழைச்செய்தியைக் கண்டனர். இணையத்தில் பலர் இதனைத் தேவையற்ற கெடுபிடி என்று கடிந்தனர். என் மதிப்பீடு வேறு. தீச்சுவரை அமைக்கும் ‘யூஎஃப்டபிள்யூ’, களஞ்சியங்களைச் சேர்க்கும் கருவி முதலிய பல பயன்பாடுகள் பைத்தானில் எழுதப்பட்டவை. சூடோ கொண்டு பிப் நிறுவும் புதிய நூலகம் அவை நம்பியிருக்கும் பழைய நூலகத்தை மறைத்தால், ஒரு மாணவரின் சொற்பகுப்பு நிரலுக்காக ஆய்வகக் கணினியின் பராமரிப்பே நின்றுபோகக்கூடும். வழங்கலின் நிலத்தில் பயனர் வீடு கட்டுவதைத்தான் அப்பிழைச்செய்தி தடுக்கிறது. தடையை மீறுவதற்கான விருப்பத்தேர்வுக்கே ‘அமைப்புப் பொதிகளை உடை’ என்று பெயரிட்டிருக்கின்றனர். அதற்குமேல் எச்சரிக்கை வேண்டுமா?

மாற்றுவழி எளிது. ஒவ்வோர் ஆய்வுப் பணிக்கும் ஹோம் அடைவில் ஒரு ‘வென்வ்’ மெய்நிகர்ச் சூழலை உருவாக்கி, வேண்டிய நூலகங்களை அதனுள் நிறுவலாம். அதனுள் இருப்பவற்றைப் பதிப்பெண்ணோடு ‘பிப் ஃப்ரீஸ்’ கட்டளையால் ஒரு கோப்பில் எழுதிக்கொள்ளலாம். அந்தக் கோப்பை ஆய்வேட்டின் தரவோடு சேர்த்து வைத்தால், குப்பத்தில் உள்ளவர் சென்னையில் உள்ளவரின் பகுப்பை மீண்டும் செய்து பார்க்க முடியும். சூழல் பழுதானால் அந்த ஒரே அடைவை அழித்துவிட்டு, அதே கோப்பிலிருந்து பத்து நிமிடத்தில் மீண்டும் எழுப்பிக்கொள்ளலாம்.